கெட்டி கொட்டையில் இருக்கிறது: மொச்சை காய்கறி சூப்

வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது, கார்ன்ஃப்ளாரும் கரைத்து ஊற்றக் கூடாது. பிறகு சூப் எப்படிக் கெட்டியாகும்? மொச்சையைக் குழைய வேகவைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கை மத்தால் கடைந்து, திரும்பச் சட்டியிலேயே சேர்த்துவிட்டால் ஆகும். வயிறு நிறைவதும் நாக்கில் வழவழப்பு நிற்பதும் அந்தக் கடைசலால்தான். இந்த அத்தியாயத்தில் மீதி எல்லாம் அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதற்கான வழிமுறைகள்.

ஓட்டலில் தரும் 'வெஜ் சூப்' கையகலக் கிண்ணத்தில் வரும். அதில் பொடிப்பொடியாக நறுக்கிய கோஸும் கேரட்டும் மிதக்கும், அடியில் மாவுக் கூழ் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்ப அது போதும். இங்கே நாம் செய்வது ராத்திரிச் சாப்பாடு. ஒரு பெரிய கிண்ணம் குடித்துவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் பசி எழுப்பக் கூடாது. அதனால் கொட்டை, காய், கீரை மூன்றும் தாராளமாக விழ வேண்டும்.

ஊரில் ஏற்கெனவே இருப்பது

ஆர்.கே.பேட்டைப் பக்கம் இதைப் புதிதாக யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெயர்தான் வேறு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் இந்தத் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் எல்லாமே வட ஆற்காடு. அதனால் இங்கே அடுப்படியில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசப்படும். ஒரு வீட்டில் பிதுக்குப் பருப்பு என்பார்கள், பக்கத்து வீட்டில் பிதிக்கி பப்பு என்பார்கள். நகரி, புத்தூர் பக்கம் போனாலும் சட்டிக்குள் அதே மொச்சைதான். கொள்ளு வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் அது அங்கே உலவச்சாறு. காராமணியும் கீரையும் சேர்த்துக் கடைந்தால் இங்கே கடைசல். இவை எவற்றிலும் பால் சேருவதில்லை. தாளிக்கிறபோது நெய்க்குப் பதில் கடலை எண்ணெய் ஊற்றினால் அப்படியே வீகன் சாப்பாடு.

பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பையும் நினைத்துப் பாருங்கள். பச்சை மொச்சை, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, அவரைக்காய், கத்தரிக்காய் எல்லாம் ஒரே சட்டியில் வேகும். புளியைக் குறைத்து, மிளகாயை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கூட்டினால் இந்தச் சூப்புக்கு முக்கால் தூரம் வந்துவிட்டோம்.

"அப்படியானால் இது சாம்பார்தானே?" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை. சாம்பார் சோற்றுக்காக வைப்பது. சோறு அதன் உப்பையும் காரத்தையும் வாங்கிக்கொள்ளும். சூப்பு நேராக வாய்க்குப் போகிறது. அதனால் குழம்புக்குப் போடும் கையால் இதற்கு உப்புப் போடக் கூடாது. புளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. காரம் மிளகிலிருந்து மட்டும். காயையும் ஸ்பூனில் அடங்கும் அளவுக்குத்தான் நறுக்க வேண்டும். முருங்கைக்காயைத் துண்டு போட்டால் சப்பித் துப்ப இடம் தேட வேண்டியிருக்கும். முருங்கைக்கு ஆசை என்றால் கீரையைப் போடுங்கள்.

எந்தக் கொட்டை

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை. அதற்கு ஈடு கிடையாது. பனி விழுந்த காயில் ஒரு மணமும் பிசுபிசுப்பும் இருக்கும். உரித்து முடித்த பிறகும் விரலில் அந்த வாசனை நிற்கும். பெங்களூரில் இந்தப் பருவத்தில் அவரைக்கொட்டைக்கென்றே மேளா நடத்துகிறார்கள். இங்கே மேளா எதுவும் வேண்டாம், திருத்தணி மார்க்கெட்டில் கூறுகட்டி உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் போய் நின்றால் போதும்.

"இன்னிக்குப் பறிச்சதா ஆயா?"

"உடைச்சுப் பாரும்மா. பொய் சொல்லப் போறனா."

உடைத்தும் பார்க்கலாம். ஒரு காயைக் கையில் எடுத்துத் தோலை அழுத்தினால் உள்ளே கொட்டை தடித்து நிற்பது தெரிய வேண்டும். தோல் வதங்கி ரப்பர் மாதிரி வளைந்தால் நேற்றோ முந்தாநாளோ பறித்தது. கொட்டை பச்சை நிறத்தில் இருந்தால் சீக்கிரம் வேகும். வெளுத்து மஞ்சள் அடித்திருந்தால் முற்றிவிட்டது, ஐந்து நிமிடம் கூடுதலாக வேகவிட வேண்டும். உரித்த கொட்டை 400 கிராம் வேண்டும் என்றால் காய் ஒரு கிலோவாவது வாங்குங்கள்.

நேரமும் ஆளும் இருந்தால் பிதுக்குங்கள். உரித்த கொட்டையை மூழ்கும் அளவு தண்ணீரில் இரவே போட்டுவிட வேண்டும். காலையில் தோல் தளர்ந்து சுருக்கம் விழுந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் விரலோடு நின்றுவிடும், பருப்பு கிண்ணத்துக்குள் பாயும். கிண்ணத்தைக் கை நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பாதி பருப்பு எதிரே இருப்பவர் மடியில் போய் விழும். பிள்ளைகளை உட்கார வைத்தால் இந்த வேலை விளையாட்டாகவே முடிந்துவிடும். பிதுக்கிய பருப்புக்குக் குக்கர் தேவையில்லை. திறந்த சட்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெண்ணெய்ப் பதமாக வெந்துவிடும். இந்தச் சூப்பின் உச்சம் என்று நான் சொல்வது பிதுக்குப் பருப்பில் செய்ததைத்தான். ஆனால் அன்றாடத்துக்குத் தோலோடு செய்வதே நல்லது. உழைப்பு மிச்சம், நார்ச்சத்தும் கூடுதல்.

மாசிக்குப் பிறகு காய்ந்த மொச்சைதான். வாங்கும்போது கொட்டையில் ஊசி குத்தினாற்போல ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு விழுந்தது, வேண்டாம். போன வருடத்துக் கொட்டையையும் தவிர்க்க வேண்டும். சூடும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த கொட்டை எத்தனை விசில் வைத்தாலும் நடுவில் சுண்ணாம்புபோல் நிற்கும். சமைப்பவர் மேல் தப்பே இல்லை. செம்மண் கட்டிய கொட்டை கிடைத்தால் வாங்கலாம். வண்டு வராமல் இருக்கக் கட்டியது அது. நான்கைந்து தண்ணீரில் அலசினால் மண் போய்விடும்.

மொச்சை பிடிக்காதவர்கள் காராமணியில் செய்யலாம். மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும், சீக்கிரம் குழையும். கொள்ளு வேண்டாம், அது சாறுக்குத்தான் லாயக்கு, மசித்தாலும் பசை பிடிக்காது, நிறமும் மங்கலாகிவிடும்.

ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நஞ்சு உண்டு. நன்றாக வேகாத கொட்டை நான்கைந்து தின்றாலே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குக்கரில் முழுக்க வேகவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டு இளஞ்சூட்டில் விட்டால் நஞ்சு போகாது, கூடவே செய்யும்.

முதல் நாள் இரவு

நான்கு பேருக்குக் காய்ந்த மொச்சை 200 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்புக் கரைத்து அதில் ஊறப்போடுங்கள். உப்புப் போட்டால் கொட்டை வேகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் போடும் உப்பு அதற்கு நேர் எதிராக வேலை செய்யும். தோலைக் கெட்டியாக்கி வைத்திருப்பது அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலிருக்கும் சோடியம் அவற்றின் இடத்தில் போய் உட்காருவதால் தோல் இளகும். கொட்டையை வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் கொட்டை வெந்த பிறகுதான்.

தண்ணீரும் முக்கியம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படிகிறதா? அப்படியானால் உங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மொச்சையை இளக விடாது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கொட்டை வேகவைக்க மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும்தான். ஆனால் தயமின் என்கிற பி1 வைட்டமின் அதில் அழிந்துபோகும், வாயில் சவுக்காரச் சுவையும் நிற்கும். சோடாவை நான் எந்த நிலையிலும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். புதுத் தண்ணீர் விட்டு, மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். காய்ந்த மொச்சையில், குறிப்பாகக் கருநிறக் கொட்டையில், சயனைடு வெளிவிடும் பொருள் சிறிதளவு உண்டு. ஊறவைத்து வடிப்பதும் திறந்து கொதிக்கவைப்பதும் அதற்காகத்தான். லேசான கசப்பும் இதில் போய்விடும். பச்சை மொச்சைக்கு இந்தச் சடங்கு வேண்டாம், அலசினால் போதும்.

சட்டியில்

மற்ற சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கடைசியில் ஊற்ற இன்னொரு கரண்டி. சின்ன வெங்காயம் இருபது, பூண்டு ஆறு பல், விரல் நீள இஞ்சி. கேரட் இரண்டு, சின்ன முள்ளங்கி ஒன்று, பீன்ஸ் ஒரு பிடி, பரங்கிக்காய் கால் கிலோ. தக்காளி, நாட்டு வகை என்றால் இரண்டு, புளிப்புக் குறைந்த ஹைப்ரிட் என்றால் மூன்று. மதனப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கெட்டித்தோல் தக்காளி என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள். சூப்பில் சுருண்ட தோல் வந்தால் தொண்டையில் ஒட்டும். முருங்கைக்கீரை உருவியது இரண்டு கைப்பிடி. மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் சிறிது, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் ஒன்று.

கத்தரிக்காய் இல்லையா என்று கேட்கலாம். வேலூர் முள்ளுக் கத்தரி புவிசார் குறியீடு வாங்கிய காய், ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சூப்பைக் கறுக்க வைத்துவிடும். அதைப் பொங்கல் குழம்புக்கே விட்டுவிடுவோம்.

முதலில் கொட்டை. ஒரு லிட்டர் புதுத் தண்ணீர், மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் எண்ணெய், கொத்தமல்லிக் காம்பு ஒரு பிடி நூலால் கட்டியது. எண்ணெய் எதற்கு என்றால், மொச்சை நுரை கட்டும்; நுரை பொங்கி வெயிட் வால்வுக்குள் ஏறினால் அடைத்துக்கொள்ளும். அதனாலேயே குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. நான்கு விசில், பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். பச்சை மொச்சைக்கு இரண்டு விசில் போதும். ஆவி தானாக அடங்கட்டும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அவசரமாகத் திறந்தால் கொட்டைத் தோல் வெடித்துப் பிரிந்து மிதக்கும். ஒரு கொட்டையை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள். பல்லுக்கு வேலை வைத்தால் இன்னும் வேகவில்லை, மறுபடி மூடி இரண்டு விசில். இந்த இடத்தில் பொறுமை இழந்தால் கடைசிவரை சரிசெய்ய முடியாது. ஏனென்றால் அடுத்துத் தக்காளி வரப்போகிறது.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கடையில் விற்கும் சூப் கியூபுக்குப் பதில் அதுதான்.

கொட்டை வெந்துகொண்டிருக்கும்போதே அடிகனமான சட்டியில் எண்ணெயைக் காயவைத்து வெங்காயத்தைப் போடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். எட்டு நிமிடமாவது வதங்கி ஓரம் பொன்னிறமாகத் திரும்ப வேண்டும். வெண்ணெய் இல்லாத சூப்பில் வாசனைக்கு இந்த வதக்கல்தான் ஆதாரம். இதில் நேரத்தை மிச்சப்படுத்தினால் பத்தியச் சாப்பாடு போலிருக்கும். பிறகு தட்டிய இஞ்சி பூண்டு, அடுத்துக் கேரட்டும் முள்ளங்கியும், அரை டீஸ்பூன் உப்பு. ஐந்து நிமிடம் கழித்துப் பீன்ஸ், பரங்கி. பரங்கியில் பாதியைப் பெரிய துண்டாகவும் பாதியைச் சிறியதாகவும் நறுக்கியிருந்தால் நல்லது. சிறியது கரைந்து கெட்டிக்குச் சேரும், பெரியது கடிக்க நிற்கும். காய்கள் மூழ்க முக்கால் லிட்டர் வெந்நீர் ஊற்றி மூடிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிக் காய் விறைக்கும்.

கேரட்டில் ஸ்பூன் விளிம்பு இறங்கும் பதம் வந்ததும் கொட்டையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, அதன் தண்ணீர் ஒரு கரண்டியோடு மண்சட்டியில் போட்டுக் கடையுங்கள். கீரை கடையும் மத்தே போதும். அரைகுறையாக மசிந்தால் போதாது, கையில் எடுத்தால் திரிதிரியாக இல்லாமல் வழிய வேண்டும். மிக்ஸியில் அரைக்கலாமா? வழுவழுவென்று வரும், ஆனால் பசைபோல் இழுக்கும். சூடான கொட்டையை மூடிய ஜாரில் ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆறவைத்துத்தான் ஓட்ட வேண்டும். எனக்கு மத்துதான் பிடிக்கிறது; அங்கங்கே அரைக் கொட்டை சிக்குவது ருசி.

கடைசலையும் மீதிக் கொட்டையையும் அதன் தண்ணீரையும் சட்டியில் சேர்த்து, தக்காளியை இப்போது போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடிபிடிக்கும் நேரம் இது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியை அடிவரை விட்டுக் கிளற வேண்டும். உப்பை இங்கே சரிபாருங்கள். இரண்டு லிட்டர் சூப்புக்கு மொத்தம் இரண்டரை டீஸ்பூன் தூளுப்பு என் கணக்கு. இரண்டில் நிறுத்தி ருசி பார்த்துக் கூட்டுவது பாதுகாப்பு. கரண்டியைத் தூக்கினால் சூப் கயிறாக ஒழுகாமல், துளியாகவும் சொட்டாமல், பட்டையாக விழ வேண்டும்.

அப்போதும் தண்ணியாக இருந்தால் இன்னொரு கரண்டி கொட்டையைக் கடைந்து போடுங்கள். அதுவும் போதாதென்றால் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டியை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து ஊற்றலாம். வேர்க்கடலை விளையும் இந்தப் பூமியில் க்ரீமுக்கு மாற்று அதுதான். ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லும் சமையல் குறிப்புகள் ஏராளம். ஊற்றினால் சூப் சொதியாகவோ குருமாவாகவோ திரும்பிவிடும், மொச்சை வாசனை அடங்கிப்போகும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலைக்கும் இதே காரணத்தால் இடமில்லை.

கீரையை அடுப்பை அணைப்பதற்கு மூன்று நிமிடம் முன்னால் போடுங்கள், மூட வேண்டாம். மூடினால் பச்சை நிறம் பழுப்பாகும். மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் சூடு காட்டி, உரலில் கரகரப்பாக இடித்து, மீதமிருக்கும் ஒரு கரண்டிக் கடலை எண்ணெயைக் காயவைத்து அதில் பொரியவிட்டு மேலே ஊற்றுங்கள். செக்கு எண்ணெய் என்றால் காய்ச்சாமலும் ஊற்றலாம். கிரேக்கர்கள் ஃபசோலாடா என்கிற பீன்ஸ் சூப்பின் மேல் ஆலிவ் எண்ணெயை இப்படித்தான் கையைக் கட்டாமல் ஊற்றுகிறார்கள். வெள்ளை பீன்ஸ், கேரட், வெங்காயம், தக்காளி, செலரி. அங்கே ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால் எல்லாம் விலக்கு என்பதால் அது விரதக்காரர்களின் சாப்பாடாகவே நிலைத்திருக்கிறது.

இங்கேயும் கிருத்திகை விரதம் இருப்பவர்கள் வெங்காயம், பூண்டைத் தொட மாட்டார்கள். அவர்களுக்கு இதே சூப்பை இரண்டையும் விட்டுச் செய்யலாம். வெங்காயத்துக்குப் பதில் கோஸைப் பொடியாக நறுக்கி ஓரம் சிவக்க வதக்கி, கால் டீஸ்பூன் பெருங்காயத்தை எண்ணெயில் பொரியவிட்டால் குறை தெரியாது. டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா நடக்கும். 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு பஜனைக் குழுவினர் ஏறுவார்கள். மார்கழிக் குளிர், பச்சை மொச்சைப் பருவம், விரதம் மூன்றும் ஒன்றாக வரும் நாள் அது. மலையிறங்கி வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு ஒரு பெரிய சட்டி வைத்து அடுப்பிலேயே இளஞ்சூட்டில் விட்டுவைத்தால் யார் எப்போது வந்தாலும் பரிமாறலாம்.

தறி ஓடும் வீட்டில்

ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு எல்லாம் நெசவு ஊர்கள். தறியை விட்டு அடுப்படியில் ஒன்றரை மணி நேரம் நிற்க யாருக்கும் தோதுப்படாது. இந்தச் சூப்பைப் பிரித்துச் செய்யலாம். இரவு ஊறல், காலைச் சமையலோடு சமையலாகக் குக்கரில் கொட்டை, மாலையில் வதக்கலும் கடைசலும். மாலை வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ மொச்சையை வேகவைத்து, அதன் தண்ணீரோடு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.

மீந்த சூப்பைச் சித்திரை வெயிலில் வெளியே விட்டுவைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் எடுத்தால் களிபோல் இறுகியிருக்கும். பயப்பட வேண்டாம், வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் பழையபடி இளகிவிடும். ருசி முதல் நாளைவிடக் கூடுதல் என்பதே என் தீர்ப்பு.

கூட என்ன, எவ்வளவு

கேழ்வரகுக் களி. வேறு யோசனையே வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ராகி சங்கடி என்பார்கள். உருண்டையைக் கிண்ணத்தின் நடுவில் வைத்துச் சுற்றிச் சூப்பை ஊற்றி, விண்டு தோய்த்துச் சாப்பிட வேண்டும். பாலை விட்டவர்கள் கால்சியத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, முருங்கைக்கீரையிலும் நிறைய. புரதக் கணக்கும் ஒத்துவரும். மொச்சையில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் லைசின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். காய்ந்த மொச்சையில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம். நமது அளவில் ஆளுக்கு 50 கிராம் கொட்டை வருகிறது, அதிலேயே 10 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும்.

எலுமிச்சையைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு பிழியுங்கள். கொட்டையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் சி உதவும், கொதியில் பிழிந்தால் அது வீணாகும். சூப் குடித்த கையோடு டீயும் வேண்டாம். டீயின் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். தறிக்காரர்களிடம் டீயை விடச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்தச் சூப் தராத ஒன்று பி12. எந்தக் கொட்டையிலும் காயிலும் அது கிடையாது. பால், தயிரையும் முழுக்க விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதில் மரபு, இயற்கை என்று வாதம் பண்ணுவதில் பயனில்லை.

அவசரத்துக்குக் கடைப் பாக்கெட் வாங்குவோர் லேபிளைப் படியுங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம், பால்பொடி இருக்கலாம். வீகன் உணவுக்கென்று 2022-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தனி விதிகளையும் பச்சை நிறத்தில் இலையோடு கூடிய 'வி' சின்னத்தையும் கொண்டுவந்தது. அந்தச் சின்னம் இருந்தால்தான் பால்பொருள் இல்லை என்று நம்பலாம்.

கொட்டை சாப்பிட்டுப் பழகாத வயிறு முதல் வாரம் முணுமுணுக்கும். பெரிய கிண்ணத்தில் தொடங்காமல், ஒரு டம்ளரில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். தை பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் பச்சை மொச்சை வரத்துக் குறைந்துவிடும், விலையும் ஏறும். இந்தப் பக்கத்தை மார்கழியில் படிக்கிறீர்கள் என்றால் காய்ந்த கொட்டைக்குக் காத்திருக்காமல் நாளைக் காலையே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ காய் வாங்கி வந்துவிடுங்கள்.